பரிசும் பரிசிலும்: ஷீலா டெலேனியின் நாடக வாழ்வு தரும் படிப்பினை

ஒருவர் பெயரால் நாடகப் பரிசொன்று நிறுவப்படும்போது இரண்டு செயல்கள் ஒருங்கே நிகழ்கின்றன. மறைந்த ஒருவர் போற்றப்படுகின்றார். இனி வரவிருக்கும் ஒருவர் ஊக்கப்படுகின்றார். முதலாவது எளிது. தெருவொன்றுக்குப் பெயரிடுவதும், பிறந்த வீட்டுச் சுவரிலே கல்வெட்டுப் பதிப்பதும், ஆண்டுக்கொருமுறை விழா எடுப்பதும் அவ்வகையைச் சேர்ந்தனவே. இரண்டாவது அரிது. இனி வரும் ஒருவருக்கு உண்மையில் எது குறைவாக உள்ளது என்பதை அறிந்து, அதனைக் கொடுப்பதே ஊக்கமாகும். அதனை அறியாது கொடுக்கப்படும் பரிசு, பெறுபவரிலும் பார்க்கக் கொடுப்பவருக்கே அணியாகி விடுகின்றது.

ஆங்கில நாட்டு நாடக உலகிலே பரிசுகளுக்குப் பஞ்சமில்லை. றோயல் கோட் அரங்கின் தலைவராயிருந்த ஜோர்ஜ் டெவைன் 1966 இல் மறைந்தபின் அவர் பெயரால் ஒரு பரிசு ஏற்பட்டது. ஆங்கிலத்தில் நாடகமெழுதும் பெண்களுக்கென 1978 இல் சூசன் சிமித் பிளாக்பேர்ண் பரிசு தோன்றியது. மாஞ்செஸ்ரரிலே புறுண்ட்வூட் பரிசு 2005 இல் தொடங்கிற்று. பெண் நாடகாசிரியர்க்கான மற்றொரு பரிசு 2019 இல் அறிவிக்கப்பட்டது. இவ்வரிசையிலே, தொழிலாளர் குடும்பத்திற் பிறந்து, பல்கலைக்கழகப் படியேறாது, மேடையின் போக்கையே மாற்றிய ஒரு பெண்ணின் பெயரால் பரிசு வழங்க முற்படுவோர் எவராயினும், அவர் நினைவில் முன்வந்து நிற்கும் பெயர்களுள் ஷீலா டெலேனியின் பெயர் தலையாயது. அத்தகைய பரிசு எதனைச் செய்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு அவருடைய வரலாறே விடை தருகின்றது. அவ்விடை பலர் எதிர்பார்ப்பதினின்றும் சற்று வேறுபட்டது என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கின்றது.

சால்போர்ட் நகரம்

ஷீலா டெலேனி 1938 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆம் நாள் இலங்காசயர் மாகாணத்துச் சால்போர்ட் நகரிலே பிறந்தார். தந்தையார் பஸ் வண்டிகளிலே பரிசோதகராகக் கடமையாற்றியவர், ஐரிஷ் வழிவந்தவர். சால்போர்ட் மாஞ்செஸ்ரரை அடுத்துள்ளது. இரு நகரங்களுக்கும் இடையே ஓர் ஆறே எல்லையாக ஓடுகின்றது. பருத்தி ஆலைகளாலும், 1894 இல் திறக்கப்பட்ட கப்பற் கால்வாயாலும், அக்கால்வாயின் முனையில் அமைந்த துறைமுகத்தாலும் வளர்ந்த நகரம் அது. கடலினின்றும் பல மைல் தொலைவில் உள்ள அந்நகரின் தெருக்களிலே பல தேசத்து மாலுமிகள் நடமாடியதற்கு அக்கால்வாயே காரணம். டெலேனியின் முதல் நாடகத்திலே மாலுமி ஒருவன் வருவதை வியப்பாகக் கருதுவோர் இந்நிலவியலை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இந்நகரம் இலக்கியத்துக்குப் புதியதன்று. ஏங்கெல்ஸ் 1845 இல் வெளியிட்ட நூலிலே இதன் தொழிலாளர் குடியிருப்புகளை விவரித்துள்ளார். வோல்ரர் கிறீன்வூட் 1933 இல் எழுதிய ‘லவ் ஒன் த டோல்’ என்னும் நாவல் இந்நகரத்து வேலையில்லாதோரின் கதை. அது மறு ஆண்டே மாஞ்செஸ்ரரில் நாடகமாக மேடையேறிப் புகழ்பெற்றது. ஆயினும் அதனைத் திரைப்படமாக்குவதற்குத் தணிக்கையாளர் 1936 இல் இசையவில்லை. 1941 இலேதான் அது படமாக வெளிவந்தது. ஏழைகளின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே கூறுவிப்பது அந்நாட்டிலே எத்துணை ஐயத்துடன் நோக்கப்பட்டது என்பதற்கு இதுவொரு சான்று.

மேடையின் அக்கால நிலை

டெலேனி எழுதத் தொடங்கிய காலத்திலே இலண்டன் மேற்குப்பகுதி அரங்குகளில் நடந்த நாடகங்கள் பெரும்பாலும் செல்வர் வீட்டு வரவேற்பறையிலே நிகழ்ந்தன. தொழிலாளர் அவற்றிலே தோன்றினர். ஆனால் வேலைக்காரராகவும், நகைப்புக்குரியவராகவுமே தோன்றினர். இதற்கு விதிவிலக்குகள் இல்லாமலில்லை. மாஞ்செஸ்ரரிலே ஹோர்ணிமன் அம்மையார் நடத்திய கெயிற்றி அரங்கிலிருந்து ஸ்ரான்லி ஹோற்றனின் ‘ஹிண்டில் வேக்ஸ்’ 1912 இல் வெளிப்பட்டது. கீதா சவர்பி என்னும் பெண்மணி அதே ஆண்டில் ‘றதர்போர்ட் அன்ட் சன்’ என்ற நாடகத்தின் மூலம் தொழிற்சாலை முதலாளி ஒருவரின் வீட்டை அரங்கிலே திறந்து காட்டினார். எனினும் இவை தொடர்ந்து வளரவில்லை.

மேடைக்குப் பூட்டிட்டவற்றுள் சட்டமும் ஒன்று. 1737 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுமேடையில் நடிக்கப்படும் ஒவ்வொரு புதிய நாடகமும் அரண்மனை அதிகாரியாகிய சேம்பர்லேன் பிரபுவின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். அவருடைய அலுவலகத்து வாசகர் நாடகத்தைப் படித்து, இவ்வரியை நீக்குக, இச்சொல்லை மாற்றுக என்று விதிப்பர். இவ்வதிகாரம் 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தது.

மாற்றத்தின் அறிகுறிகள் 1956 இல் தெளிவாயின. அவ்வாண்டு மே 8 ஆம் நாள் றோயல் கோட் அரங்கிலே ஜோன் ஒஸ்போணின் ‘லுக் பாக் இன் அங்கர்’ மேடையேறியது. அதற்குச் சற்று அப்பால், இலண்டனின் கிழக்குப்பகுதியில் ஸ்ராட்போர்ட் என்னுமிடத்திலே, மற்றொரு குழு வேறொரு வகையிற் பணியாற்றிக் கொண்டிருந்தது. அதுவே ஜோன் லிற்றில்வூட் அம்மையாரின் ‘தியேட்டர் வேர்க்சொப்’ குழு. தாமும் ஏழைக் குடும்பத்திற் பிறந்து, உதவிச் சம்பளம் பெற்று நாடகக் கல்லூரி சென்றவர் அவர். அங்கே காட்டப்பெற்ற மேட்டுக்குடி நாடகத்தை வெறுத்து வெளியேறி, 1930 களிலே மாஞ்செஸ்ரர் வந்து, சால்போர்ட்டிற் பிறந்த ஜிமி மில்லர் என்பவருடன் சேர்ந்து தொழிலாளர் நாடகக் குழுக்களை அமைத்தார். அம்மில்லரே பின்னர் இவான் மக்கோல் என்ற பெயரால் நாட்டார் பாடகராகப் புகழ்பெற்றவர். 1945 இல் உருவான தியேட்டர் வேர்க்சொப் பல ஊர்களிலே அலைந்து, 1953 இல் ஸ்ராட்போர்ட் றோயல் அரங்கிலே குடியேறியது. ஆகவே, 1958 இல் சால்போர்ட் பெண்ணொருத்தியின் கையெழுத்துப் பிரதி அவ்வரங்குக்குச் சென்றது முற்றிலும் தற்செயல் நிகழ்ச்சி என்று கூறிவிட முடியாது. இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வழி வெட்டப்பட்டிருந்தது.

பாடசாலையும் பரீட்சையும்

1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இங்கிலாந்திலே இடைநிலைக் கல்வியை எல்லோருக்கும் இலவசமாக்கிற்று. ஆயினும் அது பிள்ளைகளைப் பதினொரு வயதிலே ஒரு பரீட்சையாற் பிரித்தது. தேறியோர் கிராமர் பாடசாலைக்குச் சென்றனர். தேறாதோர் நவீன இடைநிலைப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டனர். முன்னவர்க்குப் பல்கலைக்கழகமும் உத்தியோகமும் எதிரே தெரிந்தன. பின்னவர்க்குக் கடையும் தொழிற்சாலையும் காத்திருந்தன. டெலேனி அப்பரீட்சையிலே தேறவில்லை.

வரலாறு இவ்விடத்திலே நின்றிருக்கவும் கூடும். ஆனால் அவர் பயின்ற புறோட்டன் நவீன பாடசாலையின் தலைமையாசிரியை அப்பெண்ணின் எழுத்திலே தனித்தன்மையைக் கண்டார். இலக்கணப் பிழைகளை மாத்திரம் எண்ணிக் கொண்டிராது, எழுதும் விருப்பத்தை வளர்த்தார். பதினைந்து வயதளவிலே டெலேனி பெண்டில்ரன் உயர்தரப் பாடசாலைக்கு மாற்றப்பட்டார். பதினேழு வயதிலே சாதாரண தரப் பரீட்சையிற் சில பாடங்களிலே சித்தியெய்தி, படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றார். கடையில் விற்பனைப் பெண்ணாகவும், அரங்கில் இருக்கை காட்டுபவராகவும், இலிகிதராகவும், ஈற்றிலே மெற்றோபொலிற்றன் விக்கேர்ஸ் என்னும் பெரிய பொறித்தொழிற்சாலையின் புகைப்படப் பிரிவிலே உதவியாளராகவும் வேலை பார்த்தார்.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இப்பகுதியை நின்று நோக்குதல் தகும். ஒரு பரீட்சை செய்த பிரிவினையை ஓர் ஆசிரியையின் கண் ஓரளவு திருத்தியது. ஆனால் ஓரளவே திருத்தியது. அவ்வூரிலே அதே ஆண்டு அதே பரீட்சையில் தவறிய மற்றைப் பெண்களுள் எவரெவர்க்கு என்னென்ன ஆற்றல் இருந்ததென்பதை எந்த வரலாற்று நூலும் கூறாது.

‘தேனின் சுவை’

டெலேனி முதலில் ஒரு நாவலையே எழுதத் தொடங்கியிருந்தார். 1958 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே மாஞ்செஸ்ரர் ஒப்பெரா மண்டபத்தில் ரெறன்ஸ் றற்றிகனின் புதிய நாடகமொன்றைப் பார்த்தார். அக்காலத்திலே மிக்க மதிப்புப் பெற்றிருந்த அவ்வாசிரியரின் நாடகம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. இதனிலும் நன்றாக நாம் எழுதலாமென்று எண்ணி, தம் நாவலை நாடகமாக மாற்றினார். இரண்டு வாரங்கள் அளவிலே எழுதி முடிக்கப்பட்ட அந்நாடகமே ‘ஏ டேஸ்ற் ஒவ் ஹனி’, அஃதாவது ‘தேனின் சுவை’. ஏப்ரில் மாதத்திலே அது லிற்றில்வூட் அம்மையாருக்கு அனுப்பப்பட்டது. மே மாதம் 27 ஆம் நாள் மேடையேறியது. அப்பொழுது ஆசிரியைக்கு வயது பத்தொன்பது.

கதை சிறியது. ஹெலன் என்னும் தாயும் ஜோ என்னும் பள்ளிப் பருவத்து மகளும் சால்போர்ட்டில் வசதியற்ற ஒரு வாடகை அறைக்குக் குடிவருகின்றனர். தாய் தன் இன்பமே பெரிதெனக் கருதுபவள். பணமுள்ள ஒருவனைக் கண்டதும் மகளை விட்டுச் செல்கின்றாள். தனித்து விடப்பட்ட மகள் கறுப்பின மாலுமி ஒருவனிடம் அன்பு கொள்கின்றாள். அவன் திரும்பிச் செல்ல, அவள் கருவுற்றிருக்கின்றாள். அவளுக்குத் துணையாக வருபவன் ஜெவ் என்னும் ஓவிய மாணவன். பெண்களை நாடும் இயல்பற்ற அவன் சமைக்கின்றான், வீட்டைத் துப்புரவாக்குகின்றான், பிறக்கவிருக்கும் குழந்தைக்குத் தைக்கின்றான். இறுதியிலே கணவனால் விரட்டப்பட்ட தாய் மீண்டும் வருகின்றாள். அவள் வருகையால் ஜெவ் வெளியேற நேர்கின்றது. ஜோ தனிமையில் நிற்க, நாடகம் முடிகின்றது.

இக்கதையை அதன் காலத்துடன் சேர்த்துக் காண்போர்க்கே அதன் துணிவு புலப்படும். ஆண்களுக்கிடையேயான உறவு இங்கிலாந்திலே 1967 வரை குற்றமாக இருந்தது. அக்குற்றத்தை நீக்குமாறு வொல்பென்டன் குழு பரிந்துரைத்தது 1957 செப்டெம்பரிலேயாம். அத்தகையோரைப் பற்றி மேடையிற் பேசுவதற்குச் சேம்பர்லேன் பிரபு கட்டுப்பாட்டைத் தளர்த்தியதோ 1958 நவம்பரில். ஜெவ் அதற்கு ஆறு மாதம் முன்பே மேடைக்கு வந்துவிட்டான். அவன் நகைப்புக்கோ அருவருப்புக்கோ உரியவனாக அன்றி, அந்நாடகத்தில் மிகப் பரிவுடையவனாக வந்தான். இலண்டன் நொற்றிங் ஹில் பகுதியிலே கறுப்பினத்தவருக்கெதிரான கலவரம் 1958 ஓகஸ்ட் மாத இறுதியிலே மூண்டது. டெலேனியின் நாடகம் அதற்கு மூன்று மாதம் முந்தியது. அவர் காட்டிய மாலுமி அயல் நாட்டான் அல்லன், காடிவ் நகரத்தவன், கட்டாய இராணுவ சேவையின் பொருட்டுக் கடற்படையில் உள்ளவன். ஆபிரிக்காவைப் பற்றி ஜோ வினவும்போது அவன் தன் ஊரின் பெயரையே விடையாகக் கூறுகின்றான். பெரிய பிரசங்கமொன்றின் வேலையை அச்சிறு விடை செய்துவிடுகின்றது.

இவையெல்லாவற்றிலும் பார்க்கப் புதியது தாயும் மகளும் பேசும் பேச்சு. இருவரும் ஒருவரையொருவர் குத்திப் பேசுவர், நகைப்பர், மன்னிப்பதில்லை, பிரிவதுமில்லை. தம் வறுமையைப் பற்றி அவர்கள் புலம்புவதில்லை. காண்போரின் இரக்கத்தையும் அவர்கள் வேண்டி நிற்பதில்லை. தொழிலாளர் குலத்துப் பெண்கள் இருவர், ஆண்மகன் ஒருவனின் கதைக்குத் துணைப்பாத்திரமாகாது, தாமே கதையாக மேடையின் நடுவில் நிற்பது அக்கால இலண்டன் மேடையிலே அரிய காட்சி. ஒஸ்போணின் கோபக்கார இளைஞன் தன் மனைவி சட்டைக்கு அழுத்தம் போட்டுக் கொண்டிருக்க, உலகத்தைக் கண்டித்துப் பேசினான். டெலேனியின் மேடையிலோ அழுத்தம் போடுபவர்களே பேசினார்கள்.

யாருடைய நாடகம்?

நாடகம் வெற்றி பெற்றது. 1959 பெப்ரவரியிலே விண்டம்ஸ் அரங்கிற்கு மாற்றப்பட்டது. சார்ள்ஸ் ஹென்றி பொயில் புதுநாடகப் பரிசும் கலைக்கழகத்தின் உதவித் தொகையும் கிடைத்தன. 1960 இல் நியூயோர்க்கிலே மேடையேறி, அந்நகர நாடக விமர்சகர் குழுவின் பரிசைப் பெற்றது. ஜோவாக நடித்த ஜோன் புளோறைற் 1961 இல் ரோனி விருது பெற்றார். ரோனி றிச்சாட்சன் இயக்கிய திரைப்படம் 1961 இல் வெளிவந்தது. அதன் திரைக்கதைக்காக டெலேனியும் இயக்குநரும் பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் விருதைப் பகிர்ந்து கொண்டனர்.

ஆனால் புகழுடன் ஒரு கதையும் பரவியது. கல்லாத ஒரு தொழிற்சாலைப் பெண் ஏதோ தெய்வச் செயலாக ஒரு நாடகத்தை எழுதிவிட்டாள் என்பது அக்கதையின் முதற்பாதி. அதனை நாடகமாக்கியவர் உண்மையிலே லிற்றில்வூட் அம்மையாரே என்பது மறுபாதி. முதற்பாதிக்கு டெலேனியின் கடிதமும் ஓரளவு இடமளித்தது. கையெழுத்துப் பிரதியுடன் அனுப்பிய மடலிலே, நாடகவுலகை அண்மையிலேதான் கண்ட இளம்பெண்ணாகத் தம்மை அவர் காட்டிக்கொண்டார். ஆனால் ஒப்பெரா மண்டபத்திலே றற்றிகனின் குறையைக் கண்டுகொண்ட ஒருவர் நாடகம் அறியாதவர் ஆகார். குறையைக் காண்பதற்கும் பயிற்சி வேண்டும்.

மறுபாதியைப் பொறுத்தவரை, லிற்றில்வூட் குழுவினர் ஒத்திகையிலே பிரதியைக் குறைத்தும் மாற்றியும் கொண்டது உண்மை. நடிகர் சபையோரை நோக்கிப் பேசுவதும், ஜாஸ் இசைக்குழு மேடையருகே வாசிப்பதும் அக்குழுவின் பாணி. ஆயினும் விமர்சகர் ஜோன் றசல் ரெயிலர் 1962 இல் வெளியிட்ட நூலில், மூலப்பிரதியையும் மேடைப்பிரதியையும் ஒப்புநோக்கி, மாற்றங்கள் மக்கள் எண்ணியதிலும் குறைவு என்றும், பாத்திரங்களும் உரையாடலின் பெரும்பகுதியும் டெலேனியுடையனவே என்றும் காட்டினார். அக்குழுவினர் பிறருடைய நாடகங்களையும் அவ்வாறே செப்பஞ்செய்தனர். பிரெண்டன் பீகனின் நாடகங்களும் அவர்கள் கையாற் பெரிதும் மாறியவை. ஒரு பத்தொன்பது வயதுப் பெண் தன் ஆக்கத்துக்குத் தானே உரியவள் என்பதை நிறுவ, பிரதிகளை ஒப்புநோக்கும் ஓர் ஆராய்ச்சி வேண்டியதாயிற்று என்பதே கவனிக்கத்தக்கது.

அதிசயம் என்று புகழ்வது பெருமைப்படுத்துவது போலத் தோன்றும். உண்மையில் அது தொழிலை மறுப்பதாகும். தச்சன் செய்த நாற்காலியை எவரும் அதிசயம் என்பதில்லை. அவன் தொழில் கற்றவன் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். எழுத்தையும் ஒரு தொழிலாக ஒப்புக்கொண்டால், அத்தொழிலைத் தொடர்ந்து செய்வதற்கு வேண்டிய காலமும் கருவியும் இடமும் பற்றிய வினா உடனே எழும். அதிசயத்துக்கு அவை வேண்டியதில்லை. அதிசயம் ஒருமுறை நிகழ்ந்து மறைந்தாற் போதும்.

இரண்டாம் நாடகம்

டெலேனியின் இரண்டாம் நாடகம் ‘த லயன் இன் லவ்’. காதலின் பொருட்டுத் தன் நகத்தையும் பல்லையும் இழந்த சிங்கத்தைப் பற்றிய ஈசாப்பின் கதையிலிருந்து எடுத்த தலைப்பு அது. 1960 இல் கொவென்றி நகரத்துப் பெல்கிறேட் அரங்கிலும், பின்னர் இலண்டன் றோயல் கோட் அரங்கிலும் நடிக்கப்பட்டது. இதனிலே தெருவிற் பொருள் விற்று வாழும் ஒருவனும், குடிப்பழக்கமுள்ள அவன் மனைவியும், அவர்தம் பிள்ளைகளும், சுற்றத்தாரும் வருகின்றனர். ஓர் அறையிலிருந்து ஒரு தெருவுக்கு ஆசிரியை தம் பார்வையை விரித்தார். ஒரே நிகழ்ச்சியிற் கதை குவியாது, பலருடைய வாழ்க்கை அடுத்தடுத்து ஓடும் அமைப்பு அதற்குரியது. விமர்சகர் பலர் இதனைத் தளர்ச்சி என்றனர்; முதல் நாடகத்தின் ஒளி இதில் இல்லை என்றனர். வரவேற்பு மிகக் குளிர்ந்திருந்தது.

குறைகள் அந்நாடகத்திலே இல்லையென்பது நம் வாதமன்று. இருபத்தோராம் வயதிலே எழுதப்பட்ட இரண்டாம் நாடகம் குறையுடையதாக இருப்பது இயல்பு. எந்த நாடகாசிரியரும் இரண்டாவது, மூன்றாவது நாடகங்களிலே தவறித் தவறியே தொழிலைக் கைவரப் பெறுகின்றார். ஆனால் டெலேனிக்கு அத்தவறுக்கான இடம் கிடைக்கவில்லை. அதிசயத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் தொழிலாளியைக் கண்டு முகஞ்சுழித்தனர். அதன்பின் அவர் எழுத்து மேடையினின்றும் பெரும்பாலும் விலகிச் சென்றது. 1963 இல் ‘சுவீற்லி சிங்ஸ் த டொங்கி’ என்னும் கதைத்தொகுதி வெளிவந்தது. லின்சே அண்டர்சனின் ‘த வைற் பஸ்’, அல்பேட் பின்னி நடித்து இயக்கிய ‘சார்ளி பபிள்ஸ்’, 1985 இல் வெளிவந்த ‘டான்ஸ் வித் ஏ ஸ்ரேஞ்சர்’ ஆகிய படங்களின் கதைகளை அவர் எழுதினார். இவற்றுள் இறுதியானது இங்கிலாந்திலே கடைசியாகத் தூக்கிலிடப்பட்ட பெண்ணாகிய றூத் எல்லிசின் வரலாறு. தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் எழுதினார், மகளொருத்தியை வளர்த்தார். ஆகவே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார் என்று கூறுவது பிழை. நின்றுபோனது, அவர் எழுத்துக்கும் நாடக மேடைக்கும் இருந்த உறவு.

அவர் 2011 நவம்பர் 20 ஆம் நாள் மறைந்தார். தன்னை இழிவுபடுத்தி விட்டார் என்று ஒருகாலத்தில் அவர்மீது குறைகூறிய நகரமே, 2014 முதல் அவர் பிறந்த நாளை ஷீலா டெலேனி நாளாகக் கொண்டாடத் தொடங்கியது. அதே ஆண்டிலே இலண்டன் தேசிய அரங்கு முதல் நாடகத்தை மீண்டும் மேடையேற்றியது. வரலாற்றாசிரியை செலீனா ரொட் 2019 இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார்.

பிராட்போர்ட்டிலிருந்து ஒரு சான்று

டெலேனியின் வரலாறு தனியொருவரின் கதையாக நின்றுவிடவில்லை என்பதற்கு மற்றொரு பெண்ணின் வாழ்வு சான்றாகும். அண்ட்றியா டன்பார் 1961 இல் பிராட்போர்ட் நகரிலே பிறந்து, பட்டர்சோ என்னும் அரசாங்கக் குடியிருப்பிலே வளர்ந்தார். பதினைந்து வயதளவிலே பாடசாலைப் பரீட்சைக்கான எழுத்துவேலையாக அவர் தொடங்கிய ‘த ஆபர்’ என்னும் நாடகம், 1980 இல் றோயல் கோட் அரங்கின் இளம் எழுத்தாளர் விழாவிலே நடிக்கப்பட்டது. 1982 இல் ‘றீற்றா, சூ அன்ட் பொப் ரூ’, 1986 இல் ‘ஷேர்ளி’ என மேலும் இரண்டு நாடகங்கள் வந்தன. மூன்று பிள்ளைகளின் தாயான அவர், 1990 டிசம்பரிலே மூளை இரத்தப்பெருக்கால் இருபத்தொன்பது வயதிலே காலமானார்.

டெலேனிக்கும் டன்பாருக்கும் இடையே இருபதாண்டு இடைவெளி. இருவருக்கும் முதற் கதவைத் திறந்தவை ஏறக்குறைய ஒன்றே: எழுத ஊக்கிய ஒரு பாடசாலை, பெயரறியாதோரின் பிரதியைப் பிரித்துப் படிக்கும் ஓர் அரங்கு, 1946 இல் நிறுவப்பட்ட கலைக்கழகத்தின் வழியாக அவ்வகை அரங்குகளுக்குக் கிடைத்த பொதுப்பணம். இம்மூன்றும் ஒருங்கே கூடிய இடத்திலே திறமை வெளிப்பட்டது. கூடாத இடத்திலே திறமை இல்லை என்று எவர் துணிந்து கூறவல்லார்? ஆனால் இருவரைப் பற்றியும் ஒரே அதிசயக் கதை கூறப்பட்டது. இருவருடைய முதல் எழுத்தும் கொண்டாடப்பட்டது. பத்தாவது நாடகம் எவ்வாறிருக்கும் என்பதைக் காணும் பேறு எவருக்கும் வாய்க்கவில்லை.

பரிசும் பரிசிலும்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இத்தகைய பெண்ணொருத்தியின் பெயர் தாங்கும் பரிசு எதனைச் செய்தல் வேண்டும்?

முதலாவதாக, அது பிரதியைத் தேர்தல் வேண்டும். ஆசிரியரின் வாழ்க்கைக் கதையைத் தேர்தல் ஆகாது. புறுண்ட்வூட் பரிசுக்கு வரும் நாடகங்கள் ஆசிரியர் பெயர் மறைக்கப்பட்டே படிக்கப்படுகின்றன. இது நல்ல முறை. வறுமையை விளம்பரமாக்காது எழுத்தை மதிப்பதற்கு அது வழிசெய்கின்றது.

இரண்டாவதாக, பரிசு மேடையுடன் இணைந்திருத்தல் வேண்டும். ‘ஒப்சேவர்’ பத்திரிகை 1957 இல் நடத்திய நாடகப் போட்டியிலே முதற்பரிசு பெற்றவர் திரினிடாட்டைச் சேர்ந்த எரோல் ஜோன். பரிசு பெற்ற அவருடைய நாடகம் இலண்டனிலே மேடையேறியது 1958 டிசம்பரிலேதான். பரிசு எதுவும் பெறாத டெலேனியின் நாடகமோ, அஞ்சலிற் சேர்ந்த சில வாரங்களுக்குள் மேடை கண்டது. பரிசுக்கும் மேடைக்கும் இடையே உள்ள தூரம் எத்துணையது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் அளந்து காட்டுகின்றன. நாடகம் அச்சிலே வாழ்வதன்று.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முதன்மையானது. பரிசு முதல் நாடகத்துடன் முடிந்துவிடலாகாது. வேலைக்குச் சென்று ஊதியம் பெற்றால்தான் வீட்டு வாடகை செலுத்தலாம் என்ற நிலையிலுள்ள ஒருத்திக்கு, ஒருநாள் விழாவும் ஒரு காசோலையும் சில மாதங்களே உதவும். அவளுக்கு வேண்டியது இரண்டாம் நாடகத்தை எழுதுவதற்கான காலம். அது தவறினாலும் மூன்றாவதைக் கேட்டு வாங்கும் ஓர் அரங்கு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லாத தாய்க்கு இது இன்னும் வேண்டும்.

தமிழிலே பரிசு என்னும் சொல்லுடன் பரிசில் என்னும் சொல்லும் உண்டு. பரிசில் என்பது வென்றவருக்குச் சூட்டும் மாலை அன்று. புலவரும் அவர் சுற்றமும் உண்டு உடுத்து வாழ்வதற்கு வேண்டியதைப் புரவலர் கொடுக்கும் கொடை. கொடுக்கத் தாழ்த்தியவனைப் பாட்டிலேயே கடிந்து கேட்கும் உரிமையும் பரிசில் வாழ்நர்க்கு இருந்ததென்பதைப் புறநானூறு கற்றோர் அறிவர். பாடுதலை ஒரு வாழ்க்கையாக ஏற்றுக்கொண்ட சமுதாயத்தின் சொல் அது. இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில மேடை ஷீலா டெலேனிக்குப் பரிசுகள் பல கொடுத்தது, பரிசில் கொடுக்கவில்லை. அவர் பெயரால் பரிசு நிறுவ முன்வருவோர் அக்குறையை நிறைவு செய்வாராயின், அவர்கள் தெரிந்தெடுக்கும் பெண் தன் இரண்டாம் நாடகத்தைத் துணிந்து எழுதுவாள். அது தோற்குமாயின், மூன்றாவதையும் எழுதுவாள்.